கீல் தெரியும் பக்கம்

நடைவழியில் மாட்டியிருந்த படங்களில் ஒரு கதவுகூட ஒழுங்காக இல்லை.

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டது அதுதான். இரண்டு பக்கச் சுவர்களிலும் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே அறை, அந்த அறையின் அதே சுவர், சுவரின் நடுவே ஒரு கதவு. மூலையில் போட்டிருந்த கையெழுத்துகள் வேறு வேறு. ஆக, வரைந்தவர்கள் பலர். ஆனால் கதவு வரைய அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்றில் கதவு தரையைத் தொடாமல், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. இன்னொன்றில் இரண்டு ஓரத்திலும் கீல் வைத்திருந்தார்கள். அதைத் திறக்க வேண்டுமானால் சுவரைத்தான் பெயர்க்க வேண்டும். ஒன்றில் கைப்பிடி நெற்றி உயரத்தில் இருந்தது. ஒன்றில் கைப்பிடியே இல்லை.

“இந்த லட்சணத்துக்குச் சட்டம் வேற போட்டு மாட்டியிருக்கான்” என்று சத்தமாகவே சொன்னார்.

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். முகத்துக்கு நேரே ஸ்கேல் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் ஸ்கேல். கட்டட வரைபடம் போடும் வேலைக்கு மீசை முளைத்த புதிதில் சேர்ந்து, அங்கேயே நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். ஓய்வுக்குப் பிறகு கோடு போட வேலை இல்லாததால் வீட்டில் உள்ளவர்களை நேராக்கத் தொடங்கினார். காலண்டர் கோணல், மருமகன் வண்டி நிறுத்துவது கோணல், மனைவி மடித்த போர்வை கோணல். கடைசியில் மகள்தான் இந்த ஓவிய முகாமுக்கு அவர் பெயரைக் கொடுத்தாள்.

“சின்ன வயசுல நீங்க நல்லா படம் வரைவீங்கன்னு அம்மா சொன்னாங்கப்பா. போய் வரைங்க.”

“இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“உங்களுக்காக இல்லப்பா. கொஞ்ச நாள் அம்மா காது ஓய்வெடுக்கட்டும்.”

அம்மா உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. அதற்காகவே கிளம்பி வந்தார்.

சின்ன வயதில் வரைந்தது உண்மைதான். வண்ணம் தீட்டிய கடைசிப் படம் ஒரு தெரு. விருந்தாளிகள் வந்திருந்த அன்று அவருடைய அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, “இந்த வீட்டுக்குள்ள எப்படிடா போறது? மண்டை இடிக்குமே!” என்றான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் வண்ணத்தைத் தொடவில்லை. கதவைத் தப்பாக வரையவும் இல்லை. வாழ்நாளில் எத்தனையோ கதவுகள் வரைந்தார். எல்லாம் வரைபடத்தில் ஒரு கோடும் ஒரு வளைவும். அந்தத் தாளை மடித்து உறையில் போட்டார்களே தவிர, ஒருவராவது அதன் மேல் விரல் வைத்துத் தடவி, ‘நல்லா வந்திருக்கு’ என்று சொன்னதில்லை.

முகாம் நடந்தது, மலைச்சரிவில் கட்டிய ஒரு பழைய வீட்டில். நடத்தியவருக்கு நெஞ்சு வரை தாடி. பார்த்த மாத்திரத்தில் ஸ்கேல் அவருக்குத் தாடி என்று பெயர் வைத்துவிட்டார். வந்திருந்தவர்களோ, சொல்லவே வேண்டாம். வங்கி மேலாளர் ஒருவர், எதை வரையச் சொன்னாலும் அஸ்தமனத்தில் கொண்டுபோய் முடித்தார். கோப்பையை வரையச் சொன்னால் கோப்பைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. ஒரு பெண்மணி தூரிகையைப் பிடிப்பதற்கு முன் கண்ணை மூடி மூச்சு விட்டார். விட்டு முடிப்பதற்குள் வகுப்பு முடிந்தது. தாடி எல்லோருக்கும் பின்னால் நின்று, “அருமை, அருமை” என்றார். எல்லாமே அருமை என்றால் அப்புறம் அந்த வார்த்தை எதற்கு என்று ஸ்கேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குறட்டைக்காரர்களோடு படுக்க முடியாது என்று தனி அறை கேட்டிருந்தார். நடைவழியின் கடைசி அறை கிடைத்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டதும் தெரிந்துகொண்டார்: வெளியே படங்களில் இருப்பது இந்த அறைதான். அதே கட்டில், அதே நாற்காலி, ஜன்னலில் அதே உடைந்த கொக்கி. கட்டிலுக்கு எதிரே அதே வெள்ளைச் சுவர்.

சுவரில் கதவு இல்லை.

மறுநாள் காலை வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வெளியிலிருந்து பார்த்தார். தொழில் புத்தி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை; சுவர் நேராக இறங்கி, கீழே புதர் மண்டிய சரிவில் முடிந்தது. படிக்கட்டு இருந்த தடமோ, கதவை அடைத்துப் பூசிய தடமோ இல்லை.

“அங்க எப்பவுமே கதவு இருந்ததில்ல சார்” என்றார் தாடி. “ஆனா அந்த ரூம்ல தங்குறவங்க எல்லாரும் அதைத்தான் வரையறாங்க. ஜன்னலை வரைங்க, மரத்தை வரைங்கன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டாங்க. நீங்களும் வரைவீங்க. வரைங்க. ஆனா முடிக்காதீங்க. ஏதாவது ஒண்ணை விட்டுடுங்க, இல்ல தப்பா வைங்க.”

“ஏன்?”

“இங்க அது ஒரு வழக்கம்.”

தெரியாதவனுக்குக் கிடைத்த நல்ல போர்வை என்று ஸ்கேல் நினைத்துக்கொண்டார். கோடு போட வராது, கேட்டால் வழக்கம்.

கைப்பிடி இல்லாத கதவை வரைந்தவரும் முகாமில்தான் இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ்; போன தடவை அந்த அறையில் தங்கியவர், இந்தத் தடவை வராந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். சாப்பாட்டு மேஜையில் ஸ்கேல் அவர் வாயைக் கிளறினார்.

“என்ன நர்ஸம்மா, உங்க கதவுல கைப்பிடி மறந்துபோச்சா? உள்ள போனவங்க எப்படி வெளிய வருவாங்க?”

நர்ஸ் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மறக்கல சார். வச்சிருந்தேன். அப்புறம் துடைச்சிட்டேன்.”

“கோணலா வந்துடுச்சாக்கும்.”

“இல்ல. நல்லா வந்துடுச்சு.”

மேலாளர் சிரித்தார். ஸ்கேலும் சிரித்தார்; ஆனால் அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

தாடி சொன்ன மாதிரியே ஆயிற்று. மதிய வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது, அந்த வெள்ளைச் சுவரில் ஈரம் கோத்தது போல ஒரு நீள்சதுரம் மங்கலாகத் தெரிந்தது. வெயில் நகர்ந்ததும் மறைந்தது. அதைப் பார்த்ததுமே அவர் விரல்கள் துறுதுறுத்தன. மரப்பலகையை நிறுத்தி, ஓவியத் துணியை மாட்டி, கரித்துண்டால் முதல் கோட்டை இழுத்தார். அளவுகோல் வைக்கவில்லை. கோடு நேராக வந்தது.

அப்புறம் வண்ணம். பழுப்பும் கொஞ்சம் நீலமும் குழைத்து மரத்தின் நிழலை வைத்தபோது, எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறி, இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் லேசாகத் திறந்துகொண்டது. சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்தது. வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். மரத்தின் ரேகை, நிலையில் விழும் வெளிச்சம், பலகை இணையும் இடத்தில் ஊசி முனை அகல இடைவெளி என்று ஒவ்வொன்றாக வந்தது. வரவர, அழுகை வரும் போல ஒரு சந்தோஷம். யாருக்கும் மண்டை இடித்துவிடக் கூடாது என்று நிலையை வழக்கத்தைவிட நன்றாக உயர்த்திப் போட்டார். அண்ணன் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் போட்டார்.

சத்தத்தை முதலில் அவர் பொருட்படுத்தவில்லை. தூரிகை துணியில் உரசும் சத்தத்தோடு இன்னொரு உரசல் சேர்ந்து கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தேய்ப்பது மாதிரி. எலியாக இருக்கும். படத்தில் மேல் சட்டத்தைத் தீட்டினால் உரசல் மேலே கேட்டது. கீழே வந்தால் கீழே வந்தது. தூரிகையை எடுத்தால் நின்றது. கணுக்காலில் மட்டும் குளிர்ந்த காற்று பட்டது. ஜன்னலைச் சாத்தினார். அப்போதும் பட்டது. வெகுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கிய துணி வாடை அந்தக் காற்றில் இருந்தது.

பழைய கட்டடம். ஒழுங்காகப் பூசியிருக்க மாட்டான். அவருக்குத் தெரியாத கட்டடமா?

கீல் வைக்கும்போதுதான் கொஞ்சம் யோசித்தார். கீலின் உருளை எந்தப் பக்கம் தெரிகிறதோ, கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும். கொத்தனாருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. உருளையை வரையாமல் விட்டால் கதவு அந்தப் பக்கம், சரிவை நோக்கித் திறக்கும். ஆனால் பித்தளைக் கீலில் விழும் மஞ்சள் வெளிச்சத்தை வரைய அவர் கை ஏங்கியது. அதை விட்டுவிட மனசு வருமா? உருளைகள் தெரிய, ஒவ்வொரு திருகும் தெரிய, இந்தப் பக்கமே வைத்தார். கடைசியாகக் கைப்பிடி. சரியான உயரத்தில், சரியான ஓரத்தில்.

கடைசித் தீற்றலை வைத்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் உரசல் நின்றது. அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

படம் முடிந்தது. நல்ல படம். அதை அவருக்கே சொல்லிக்கொள்ள முடிந்தது. முகாமின் கடைசி நாளான மறுநாள் சாயங்காலம் மகள் கூட்டிப்போக வருகிறாள். வந்ததும் காட்ட வேண்டும். “இது எங்கப்பா வரைஞ்சது” என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும்.

மறுநாள் காலை எல்லோரும் சரிவில் இறங்கி மரம் வரையப் போயிருந்தார்கள். ஸ்கேல் நடைவழியில் தனியாக நின்றார். இத்தனை நாள் பொறுத்ததே பெரிது, கை அரித்தது. தன் வண்ணத் தட்டை எடுத்துவந்து, அந்தரத்தில் தொங்கிய கதவை முதலில் தரையில் இறக்கினார். இரட்டைக் கீலில் ஒரு வரிசையைச் சுவர் நிறத்தால் மூடினார். நெற்றி உயரக் கைப்பிடியை இடுப்புக்குக் கொண்டுவந்தார். நர்ஸின் கதவுக்கு ஒரு கைப்பிடி வைத்தார். அதில் ஒரு சொட்டு வெளிச்சமும் வைத்தார், சும்மா கொடுத்த மாதிரி. படம் படமாகப் போய்க்கொண்டே, “இது ஒரு கோடு, இது ஒரு கதவு, இவனெல்லாம் ஓவியன்” என்று முனகிக்கொண்டார். அவ்வளவு உற்சாகமாக அவர் இருந்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

மதியம் முதலில் திரும்பியவர் நர்ஸ். நடைவழியில் ஏதோ தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டு ஸ்கேல் எட்டிப் பார்த்தார்.

“யாரு வச்சது?” நர்ஸின் குரல் உயரவில்லை. “என் படத்துல யாரு கைப்பிடி வச்சது?”

“நான்தாம்மா. எத்தனை நாளைக்குத்தான் பார்த்துட்டு இருக்கிறது?”

நர்ஸ் அவரைத் திட்டவில்லை. படத்தைக் கழற்றித் தரையில் போட்டு, மண்டியிட்டு, வண்ணக் கத்தியால் அந்தக் கைப்பிடியைச் சுரண்டினார். துணியே கிழியும் வரை சுரண்டினார். தாடி ஓடிவந்தார், பார்த்தார், மற்றப் படங்களைக் கழற்றத் தொடங்கினார். எல்லாம் அருமை என்று சொல்லும் அந்த வாய் வெளுத்திருந்தது.

“உங்களுதையும் முடிச்சிட்டீங்களா?”

“முடிக்காம?”

“சார், தயவுசெஞ்சு கைப்பிடியை மட்டும் துடைச்சிடுங்க. இன்னும் காய்ஞ்சிருக்காது. ஒரு துணி போதும்.”

“மாட்டேன்.”

“கீல் எந்தப் பக்கம் வச்சீங்க?” என்றார் நர்ஸ், தரையிலிருந்தே.

ஸ்கேல் விறுவிறுவென்று திரும்பினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்து வாய்த்த கூட்டத்தைப் பார். தனக்கு வராததை அடுத்தவன் வரைந்துவிட்டால் பேய், பூதம். பொறாமைக்கு எத்தனை வேஷம். வெளியே இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டினார்கள், கெஞ்சினார்கள். அப்புறம் தட்டுவது நின்றது. பெட்டிகளை இழுக்கும் சத்தம். மேலாளரின் கார் கிளம்பும் சத்தம். அப்புறம் மழை.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

கட்டிலில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்க்கக் கூடாது என்று அவர் எப்போது முடிவு செய்தார் என்று தெரியவில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதற்கு இப்போது பாடுபட வேண்டியிருந்தது. மதியம் போனதும் மறைந்துவிடுகிற அந்த ஈர நீள்சதுரம் இன்றைக்கு மறையவில்லை. ஓரக்கண்ணில் அது பழுப்பாக இருந்தது. ஓரக்கண்ணில் ஒரு மஞ்சள் புள்ளி மின்னியது. பித்தளை போல.

எழுந்தார். எண்ணெயில் நனைத்த துணியை எடுத்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். துடைத்துவிடு, துடைத்துவிட்டுப் போ.

அந்த ஒரு சொட்டு வெளிச்சத்தைப் பார்த்தார். எவ்வளவு சரியாக விழுந்திருந்தது. இப்படி ஒன்று இனி வருமா அவருக்கு? இதைக் கெடுத்துவிட்டு மகளிடம் எதைக் காட்டுவது? இன்னொரு கோணல் கதவையா?

துணியைக் கீழே போட்டார்.

சுவரில் ‘டிக்’ என்றது. எண்ணெய் போட்ட பூட்டு நகர்வது போல, மெல்லிசாக.

அதே சமயம் வாசலில் கார் வந்து நின்றது. நடைவழியில் பழகிய காலடிச் சத்தம். உயிர் வந்தது அவருக்கு.

“அப்பா! என்னப்பா, வீட்ல ஒருத்தரையும் காணோம்? எல்லாரையும் திட்டியே விரட்டிட்டீங்களா?” மகள் தட்டினாள். “கதவைத் திறங்கப்பா.”

“இதோம்மா. இதோ திறக்கிறேன்.”

அறைக் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளைத் தேடிக் கை போனது. தாழ்ப்பாள் இல்லை. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடி இல்லை. அது நெற்றி உயரத்தில் இருந்தது. அதைப் பிடித்தார். பிடிக்க முடியவில்லை, தட்டையாக இருந்தது. இரண்டு ஓரத்திலும் கீல் இருந்தது. கீழே கதவு தரையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் நடைவழி வெளிச்சம் வர வேண்டும். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. தள்ளினார். உள்ளங்கை வழுக்கியது. எடுத்துப் பார்த்தார். ஈரமாக, பழுப்பு வண்ணம்.

மகள் தட்டுவது இப்போது இழுத்துக் கட்டிய துணியில் விரலால் சுண்டுவது மாதிரி கேட்டது. வெகு தூரத்தில்.

“அப்பா, இங்க… கதவு எங்கப்பா?”

“இங்கதாம்மா! இங்கதான்!”

முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. புழுங்கிய துணி வாடை.

கிறீச்சிடவில்லை. எங்கும் உரசவில்லை. ஊசி முனை அகல இடைவெளி விட்டு, அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தார். திரும்பினார். எதிர்ச்சுவரில் கதவு திறந்துகொண்டிருந்தது. கீல் தெரியும் பக்கம். அறையை நோக்கி.

கதவின் ஓரத்தில் ஒரு கை.

கை வரையத் தெரியாத ஒருவர் வரைந்த கை. விரல்களில் முட்டி இல்லை. கட்டை விரல் வேறு பக்கத்தில் இருந்தது. தப்பு என்றது அவர் மனசு. பழக்கம்.

அந்தக் கை அவசரப்படவில்லை. கீலைத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொரு திருகாகத் தொட்டது. மரத்தின் ரேகையோடு மேலும் கீழும் தடவியது. கைப்பிடியில் அந்த ஒரு சொட்டு வெளிச்சம் இருந்த இடத்தில் விரலை வைத்து, வெகு நேரம் எடுக்கவில்லை. அப்புறம், நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல, கதவை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

“அப்பா!” என்றது தூரத்துக் குரல்.

கதவு முழுசாகத் திறந்தது. யாருக்கும் மண்டை இடிக்காதபடி, அவ்வளவு உயரமாக அவர் வரைந்திருந்த நிலை. அப்படியும் உள்ளே வர அது குனிய வேண்டியிருந்தது.